கடதாசி அட்டையில் எழும் பழைய புகையிரத நிலையங்கள்

புத்தகக் கடை, அச்சகம், பைண்டிங் என்று ஏதாவதொரு தொழிலில் கை வைத்தவர்களுக்கு கிரே போட் அட்டையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சீ.ஆர். கொப்பிக்கு மட்டை போடுவதும் கணக்குப் புத்தகம் கட்டுவதும் அந்த மாதிரி அட்டையில்தான். பழைய கடதாசியைக் கரைத்து மீண்டும் செய்யப்படும் மலிவான சாமான். தாள் கணக்கில் வாங்கி, தேவையான அளவுக்கு வெட்டிக்கொண்டு, மிஞ்சும் துண்டுகளைக் குப்பைக்கு அனுப்பிவிடுகின்றோம்.

இங்கிலாந்தின் வடக்கே, யோர்க்ஷயரின் ஸ்கிப்டன் ஊருக்கு அருகில் மெட்காஃப் என்றொரு குடும்பக் கம்பனி இருக்கின்றது. தடித்த அட்டையில் கற்சுவர், கூரை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் வர்ணத்தில் அச்சிட்டு, டை வைத்து வெட்டி, ஓர் உறையிலிட்டு விற்பது இவர்களது வியாபாரம். வாங்கியவர் வீட்டில் மேசையில் அமர்ந்து துண்டு துண்டாகக் கழற்றி ஒட்டினால், நூற்றைம்பது வருடத்திற்கு முன் கட்டப்பட்ட ஒரு புகையிரத நிலையத்தின் சாயலில் ஒரு கட்டடம் எழுந்து நிற்கும். உள்ளே இருக்கும் அட்டையின் விலையோடு ஒப்பிட்டால் உறையின் விலை எத்தனையோ மடங்கு. வாங்கியவரோ ஏமாந்ததாக நினைப்பதில்லை. அடுத்த மாதம் சரக்குக் கொட்டகை ஒன்றை வாங்க மறுபடியும் வருகின்றார்.

அப்படியானால் அவர் எதற்குக் காசு கொடுக்கின்றார்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

இல்லாமற்போனதில் பிறந்த சந்தை

பிரித்தானியாவில் மாதிரி ரயில் ஓட்டுவது சிறுவர் விளையாட்டு மாத்திரமல்ல. வேலை பார்க்கும், ஓய்வுபெற்ற, கையில் காசுள்ள மனிதர்கள் வீட்டின் ஓர் அறையை அல்லது கூரைக்குக் கீழுள்ள பரணை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கின்றார்கள். எஞ்சினையும் பெட்டியையும் ஹோர்ன்பி, பாக்மன் போன்ற பெரிய கம்பனிகளிடம் வாங்கிவிடலாம். ஆனால் ரயில் வெறும் மேசையில் ஓடினால் அழகில்லை. நிலையம் வேண்டும், சிக்னல் அறை வேண்டும், எஞ்சின் கொட்டகை வேண்டும், பாலம் வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கும் 'குட்ஷெட்' வேண்டும். கண்டிக்குப் போகின்றவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அங்கே பஸ் நிலையத்துக்கே அதுதான் பெயர்.

இந்தத் தேவைக்குப் பின்னால் ஓர் இழப்பு இருக்கின்றது. 1837இல் இலண்டன் யூஸ்டன் நிலையத்தின் முகப்பில் எழுப்பப்பட்ட மாபெரும் கல் வளைவை, எத்தனையோ எதிர்ப்புகளையும் மீறி 1961-62இல் உடைத்தார்கள். அடுத்த வருடமே, அதாவது 1963 மார்ச்சில், பிரித்தானிய ரயில்வேயின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை வந்தது. நட்டத்தைக் குறைக்க 2,363 நிலையங்களை மூட வேண்டும், சுமார் 5,000 மைல் பாதையைக் கைவிட வேண்டும் என்றது அது. பரிந்துரைத்தவை அத்தனையும் மூடப்படவில்லை என்றாலும் பெரும்பகுதி போய்விட்டது. தண்டவாளம் கழற்றப்பட்டது, கட்டடங்கள் சில வீடாகவும் கடையாகவும் மாறின, பல இடிக்கப்பட்டன.

சிறு வயதில் அந்த நிலையங்களில் இறங்கி ஏறிய பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கினார்கள். தாங்கள் கண்ட நிலையம் இனி எந்த ஊரிலும் இல்லை. பரணில்தான் கட்ட வேண்டும். நமது ஊரிலும், வாப்பா காலத்துக் கடை இருந்த இடத்தில் இன்று மாடிக் கட்டடம் நிற்கும்போது, பழைய கடையின் ஒரு போட்டோ கிடைத்தால் என்ன விலை கொடுப்போம் என்று யோசித்துப் பார்த்தால் இந்தச் சந்தை விளங்கும்.

ஒரு பாதையின் கதை

மெட்காஃப் கம்பனி தனது தொடர் ஒன்றுக்கே பெயராக வைத்திருக்கும் செட்டில் - கார்லைல் பாதையின் கதை வியாபாரிகள் கேட்க வேண்டிய கதை.

மிட்லண்ட் ரயில்வே கம்பனிக்கு ஸ்கொட்லாந்து வியாபாரத்தில் பங்கு வேண்டியிருந்தது. வடக்கே போக வேண்டுமானால் போட்டிக் கம்பனியான இலண்டன் அன்ட் நோர்த் வெஸ்டர்னின் பாதையை நம்பியிருக்க வேண்டும். அவர்கள் இழுத்தடித்தார்கள். கடைசியில் 'எங்களுக்கென்று சொந்தப் பாதை போடுவோம்' என்று மிட்லண்ட் பாராளுமன்றத்தில் 1866இல் சட்டம் நிறைவேற்றிக்கொண்டது. இதைக் கண்டு போட்டிக் கம்பனி இறங்கி வந்தது. உடன்பாடு வந்ததும், 'இனி எங்களுக்கு இந்தப் பாதை தேவையில்லை, விட்டுவிடுகின்றோம்' என்று மிட்லண்ட் மறுபடி பாராளுமன்றம் போனது. அந்தப் பாதையால் பயன் எதிர்பார்த்த வேறு கம்பனிகள் எதிர்க்கவே, பாராளுமன்றம் கையை விரித்துவிட்டது. பேரம் பேச நீட்டிய காகிதம், கட்டியே ஆக வேண்டிய ஒப்பந்தமாகிவிட்டது!

1869இல் வேலை தொடங்கியது. சுமார் 72 மைல் தூரம், மலையும் சதுப்பும், 14 சுரங்கங்கள், இருபதுக்கும் மேற்பட்ட வளைவுப் பாலங்கள். செலவு மதிப்பிட்டதைத் தாண்டி எங்கேயோ போனது. கூலிக்கு வந்தவர்களில் ஏராளமானோர் விபத்திலும் நோயிலும் மடிந்து, பக்கத்துச் சிற்றூரின் தேவாலய முற்றத்தில் அடக்கமானார்கள். 1876 மே முதலாந் திகதிதான் பயணிகள் ரயில் ஓடியது.

இவ்வளவு செலவுக்கு மத்தியிலும் நிலையங்களைக் கட்டும்போது மிட்லண்ட் கணக்காக நடந்துகொண்டது. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வரைபடம் போடவில்லை. பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்றே மூன்று டிசைன்கள். செட்டிலும் அப்பிள்பியும் பெரிய வகை. மலைநடுவே இருக்கும் ரிபிள்ஹெட் சிறிய வகை. சாமான் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்; ஓரிடத்தில் சாம்பல் நிறக் கல், வடக்கே போகப் போகச் சிவப்பு மணற்கல், அப்பிள்பியில் செங்கல். சிக்னல் அறைகளையோ டார்பி நகரத்துப் பட்டறையில் மரப்பலகைத் தட்டிகளாகச் செய்து, ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து பூட்டினார்கள்.

அட்டை மாதிரி செய்கின்றவருக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று பாருங்கள். ஒரே வெட்டு, மூன்று அளவு. அச்சை மாற்றினால் வேறு ஊர். அன்றைய ரயில்வே கம்பனி எந்தக் கணக்கில் இலாபம் தேடியதோ, அதே கணக்கு இன்றைய அட்டைக் கம்பனிக்கும் பொருந்துகின்றது.

பீச்சிங்கின் அறிக்கை இந்தப் பாதையையும் விட்டுவைக்கவில்லை. உடனே மூடப்படாவிட்டாலும், 1970இல் செட்டிலையும் அப்பிள்பியையும் தவிர இடையிலிருந்த நிலையங்கள் யாவும் மூடப்பட்டன. 1980களில் பாதையையே மூடிவிடப் போவதாக அறிவித்தல் வந்தது. ரிபிள்ஹெட் பாலம் சிதைந்துவிட்டது, திருத்தப் பல மில்லியன் பவுண் வேண்டும் என்பது ரயில்வேயின் வாதம். மக்கள் எழுந்தார்கள். 22,265 ஆட்சேபனைகள் பதிவாகின. அதில் ஒன்று ரஸ்வார்ப் என்ற நாயின் பாத அடையாளம். டிக்கட்டோடு பயணம் செய்த நாயாம், ஆகவே அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது! 1989 ஏப்ரல் 11ஆந் திகதி, பாதை மூடப்படாது என அரசாங்கம் அறிவித்தது. பாலம் திருத்தப்பட்டது, முன்பு பயமுறுத்திய தொகையைவிடக் குறைந்த செலவில். இன்றும் அந்தப் பாதையில் ரயில் ஓடுகின்றது.

அட்டை மாதிரிகளால் இந்தப் பாதை காப்பாற்றப்பட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நடந்தது மறுபக்கமாகத்தான். காப்பாற்றப்பட்ட பாதையைத் தேடி மக்கள் போனார்கள். போய் வந்தவர்கள் அதை வீட்டிலும் வைத்திருக்க ஆசைப்பட்டார்கள்.

தகரம் கிடைக்காத காலத்தில்

அட்டையில் கட்டடம் செய்வது இங்கிலாந்தின் கண்டுபிடிப்பு அல்ல. பிரான்ஸின் எபினால் நகரில் 1796இல் தொடங்கிய பெல்லரின் அச்சகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டி ஒட்டும் கட்டடத் தாள்களை விற்றது. ஜேர்மனியின் எஸ்லிங்கன் நகரில் 1831இல் தொடங்கிய ஷ்ரைபர் பதிப்பகத்தின் பெயரில் இத்தகைய தாள்கள் இன்னும் வருகின்றன.

இங்கிலாந்தில் இதற்கு உயிர் கொடுத்தது இரண்டாம் உலகப் போர் எனலாம். தகரமும் ஈயமும் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போய்விட்டதால் பொம்மை ரயில் செய்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், 1941இல், ஜெஃப்ரி ஹெய்வே என்பவர் 'மைக்ரோமொடல்ஸ்' என்ற பெயரில் தபாலட்டை அளவுத் தாள்களில் எஞ்சின்களையும் கட்டடங்களையும் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். கத்தரிக்கோலும் பசையும் இருந்தால் போதும், பதுங்குகுழியில் இருந்தாலும் செய்யலாம். தபாலில் அனுப்புவதும் சுலபம். போர் முடிந்த பின்பும் 1950கள் வரை அந்த வியாபாரம் ஓடியது.

அதன் பின் மாதிரி ரயிலுக்கென்றே 'பில்டீசி' தாள்கள் பரவின. வெறும் அச்சிட்ட தாள், வாங்கியவரே வெட்ட வேண்டும். 1960களில் 'சூப்பர்குவிக்' முன்கூட்டியே வெட்டிய அட்டையைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளரின் கையிலிருந்த கத்தியை அச்சகத்தின் டை வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். மெட்காஃப் வந்தது இவற்றுக்குப் பிறகு.

செங்கல் எண்ணும் தொழில்

இனி வேலைக்கு வருவோம். பிரித்தானியாவில் அதிகம் விற்பது ஓஓ என்ற அளவு. நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீற்றர். 76இல் ஒரு பங்கு. இதைவிடச் சிறியது என் அளவு, 148இல் ஒரு பங்கு. ஓஓ அளவில் ஒரு வேடிக்கை உண்டு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். இது அடிக்கு மூன்றரை மில்லிமீற்றர் என்ற வேறோர் அளவுக்குரியது. அக்கால மோட்டார் பிரித்தானியாவின் சிறிய எஞ்சினுக்குள் அடங்காததால் எஞ்சினை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நிபுணர்கள் பல தசாப்தங்களாகக் குறை சொல்கின்றார்கள், சந்தை அசையவில்லை. வட்டப் பின், சதுரப் பின் பிளக்குகளுக்கு நடுவே நமது இலத்திரனியல் கடைக்காரர்கள் பட்ட பாட்டை நினைத்தால், ஒரு தடவை பரவிய அளவை மாற்றுவது என்ன லேசான காரியமா என்று தோன்றும்.

இடிக்கப்பட்ட கட்டடத்துக்கு அளவு எங்கே கிடைக்கும்? வரைபடம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய போட்டோ. செங்கற் கட்டடமாயின் வரிகளை எண்ணுவார்கள். ஆங்கிலேயச் செங்கல் சாந்தோடு சேர்த்து நான்கு வரி ஏறத்தாழ ஓர் அடி உயரம். ஆகவே ஓஓ அளவில் ஒரு வரி ஒரு மில்லிமீற்றர். கூரை விளிம்பு வரை 48 வரி எண்ணினால் 12 அடி உயரம், அட்டையில் 48 மில்லிமீற்றர். அகலத்தையும் இப்படியே கல் எண்ணிக் கண்டுபிடிக்கலாம். கற்சுவரில் இது நடவாது. அங்கே கதவின் உயரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.

வெட்டுவதைவிட மடிப்பதில்தான் ஆள் தெரியும். அட்டைக்கும் கடதாசிக்கும் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அதன் வழியே மடித்தால் நேராக மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். மடிப்புக் கோட்டைக் கத்தியின் முனையால் இலேசாகக் கீறிக்கொள்ள வேண்டும், அழுத்தினால் இரண்டு துண்டு. பிளேட் மழுங்கினால் வெட்டு விளிம்பில் பிசிர் எழும்பும். மலிவான பொருளான பிளேட்டை மாற்றச் சோம்பல்பட்டு விலையான வேலையைக் கெடுத்துக்கொள்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றார்கள்.

அடுத்தது பசை. நீர் கலந்த வெள்ளைப் பசையை அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் பூசினால் அது காயும்போது இழுத்துச் சுவர் வளையும். இதற்கு மருந்து பைண்டிங் பாஸ்மார் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மெல்லியதாகப் பூசு, மறுமுகத்திலும் தாள் ஒட்டு, பாரம் வைத்து ஓர் இரவு விடு. பெரிய சுவருக்கு உள்ளே குறுக்குத் தட்டிகள் வைத்துப் பெட்டி போல் கட்டினால் பல வருடம் அசையாது.

அட்டை மாதிரியை அட்டை என்று காட்டிக்கொடுப்பது அதன் விளிம்பு. முகத்தில் அருமையான கற்சுவர் இருக்கும், மூலையில் வெள்ளைக் கோடு தெரியும். ஒட்டுவதற்கு முன்பே வர்ணப் பென்சிலாலோ ஃபெல்ட் பேனையாலோ அந்த விளிம்பைச் சுவரின் நிறத்துக்குத் தடவிவிட வேண்டும். இந்த ஒரு வேலை ஐந்து நிமிடம். இதைச் செய்தவரின் நிலையத்தையும் செய்யாதவரின் நிலையத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே உறையிலிருந்து வந்தவை என்று நம்பமாட்டீர்கள். கூரைக்கு முழுத் தாளை ஒட்டாமல் ஓட்டு வரிகளை நாடாவாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவதும், ஜன்னலுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தாளைச் சுவரிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைப்பதும், புகைபோக்கிக்குக் கடதாசியை உருட்டி வைப்பதும் அதேபோன்ற சின்ன வேலைகள்தான். நிழல் விழும் இடத்தில் நிழல் விழுந்தால் கண் ஏற்றுக்கொள்கின்றது.

விற்கின்றவரின் கணக்கு

வாங்குபவர் பக்கம் இப்படி. இனி விற்பவர் பக்கத்தைப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக்கில் ஒரு கட்டடம் செய்ய இரும்பு அச்சு வெட்ட வேண்டும். அதற்குப் பெருந்தொகை முதல் வேண்டும், பல்லாயிரக் கணக்கில் விற்றால்தான் முதல் திரும்பும். அட்டைக்கு வேண்டியது ஒட்டுப்பலகையில் இரும்புப் பட்டியை வளைத்துப் பதித்த டை. நமது அச்சகங்கள் கேக் பெட்டிக்கும் மருந்துப் பெட்டிக்கும் பயன்படுத்துகின்றார்களே, அதே வகை. செலவு குறைவு என்பதால் சிறிய கம்பனிக்கும் ஏராளமான டிசைன்கள் வைத்திருக்க முடிகின்றது. தீர்ந்துபோனால் மறுபடி அச்சிடலாம். ஹோர்ன்பி, பாக்மன் இரண்டும் வர்ணம் பூசி முடித்த ரெசின் கட்டடங்களைச் சீனாவில் செய்வித்து விற்கின்றன. பார்க்க நன்றாகவே இருக்கும், விலை அட்டையைவிட நன்றாகவே கூடுதல். ஆனால் ஒரு தொகுதி வந்து தீர்ந்தால் பிறகு கிடைக்குமோ தெரியாது. அட்டைக்காரரின் பட்டியலோ வருடக்கணக்கில் நிற்கும். பழைய நிலையத்துக்குப் பழசாகும் பயமில்லை! மோஸ்தர் மாறி ஸ்டொக் தேங்கும் துணிக்கடைக்காரருக்குப் பொறாமை வரத்தான் செய்யும்.

எதை அச்சிடுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. புகழ்பெற்ற ஒரு கட்டடத்தை அப்படியே செய்தால் அதை வாங்குபவர் அந்த ஊரை மாதிரியாகக் கட்டுபவர் மட்டுமே. ஊர் பெயர் இல்லாத சாதாரண எஞ்சின் கொட்டகை என்றால் யாருடைய பாதையிலும் வைக்கலாம். ஆகவே பெரும்பாலான கிட்கள் 'இந்தப் பாணியில்' என்று வருகின்றனவே தவிர 'இந்த நிலையம்' என்று வருவது குறைவு. குறிப்பிட்ட நிலையமே வேண்டும் என்பவர் கிட்டை வாங்கி வெட்டி நீட்டி மாற்றிக்கொள்வார், அல்லது செங்கல் எண்ணத் தொடங்குவார்.

இன்னொன்று, இடம். எல்லோருக்கும் பரண் இல்லை. அடுக்குமாடி வீட்டில் சுவரோரம் ஒரு பலகை மட்டும் வைத்திருப்பவருக்கு முழுக் கட்டடத்துக்கு இடமில்லை. அவருக்காக முன்பக்கம் மட்டும் உள்ள, இரண்டு விரற்கடை ஆழமான கட்டடங்கள் விற்கப்படுகின்றன. பின்பக்கம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பார்ப்பவருக்கு ஒரு தெருவே தெரியும். பொருளைச் சிறிதாக்கி வாடிக்கையாளரைப் பெருக்கிய வழி இது. அதோடு, நிலையம் வாங்கியவருக்கு மேடை வேண்டும், மேடைக்கு மதில் வேண்டும், மதிலுக்கு அப்பால் நாலு வீடும் ஒரு கடையும் வேண்டும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறப் போக்கு என்பதால் அடுத்ததையும் அதே கம்பனியிடமே தேடுகின்றார்.

இத்தனைக்கும் அடிப்படை ஒன்றுதான். துண்டுகள் பொருந்த வேண்டும். கடையில் ஒரு சேட்டின் பொத்தான் கழன்றால் அந்த ஒரு சேட்டோடு போய்விடும். அட்டையில் வரைபடக்காரர் ஒரு சுவரை ஒரு மில்லிமீற்றர் தவறாகப் போட்டால் அந்தத் தவறு அச்சிட்ட அத்தனை உறையிலும் இருக்கின்றது. வாங்கியவர் அதைக் கடையில் கண்டுபிடிக்கமாட்டார். நாலைந்து இரவு உழைத்து, பசை காய்ந்த பிறகு, கூரை உட்காராதபோதுதான் கண்டுபிடிப்பார். போன காசை விடுங்கள், அந்த இரவுகளை யார் திருப்பிக் கொடுப்பது? எனவேதான் அச்சுக்குப் போகும் முன் வெள்ளை அட்டையில் கட்டிப் பார்ப்பது கட்டாயமாகின்றது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் இதுதான்: வாடிக்கையாளர் அட்டைக்குக் காசு கொடுக்கவில்லை. தனக்கு முன் ஒருவர் அளந்து, வெட்டி, கட்டிப் பார்த்துவிட்டார் என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கின்றார்.

உறையும் இல்லாத வியாபாரம்

இணையம் வந்த பின் இந்தத் தொழிலில் ஒரு புதுப் பிரிவு முளைத்தது. ஸ்கேல்சீன்ஸ் என்ற கம்பனி அட்டையை விற்பதே இல்லை. பீடிஎஃப் கோப்பைத்தான் விற்கின்றது. காசு கட்டி இறக்கிக்கொள்ள வேண்டும், வீட்டுப் பிரிண்டரில் சாதாரண ஏ4 தாளில் அச்சிட வேண்டும், கடையில் கிரே போட் வாங்கி ஒட்டி வெட்ட வேண்டும். சொந்தப் பாவனைக்கு எத்தனை பிரதியும் அச்சிட்டுக்கொள்ளலாம். கெடுத்துவிட்டால் இன்னொரு தாள் அடிக்கலாம், நீளமான மதில் வேண்டுமென்றால் பத்துத் தாள் அடிக்கலாம். புதியவர்கள் பழகிப் பார்க்க ஒரு சிறிய கட்டடத்தை இலவசமாகவே கொடுக்கின்றார்கள். ஸ்டொக் இல்லை, களஞ்சியம் இல்லை, தபால் செலவு இல்லை.

ஆனால் கோப்பை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப ஒரு விநாடி போதும். இதைத் தடுக்கப் பூட்டு எதுவும் நின்று பிடிக்காது. விலையை, களவெடுப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றும் அளவுக்குக் குறைவாக வைப்பது ஒரு வழி. புதிய டிசைன்களைத் தொடர்ந்து கொடுத்து, கேள்வி கேட்டால் பதில் சொல்லி, வாடிக்கையாளரைத் தன்னோடு வைத்திருப்பது அடுத்த வழி. சொந்தப் பாவனைக்கு வாங்கியதை நண்பனுக்கு அனுப்புவது, ஆள் இல்லாத கடையில் இருந்து ஒரு சாமானை எடுத்துக்கொண்டு போவதற்கு எந்த விதத்தில் வேறு என்பதை ஒவ்வொருவரும் தாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். இசைத் தட்டுக்கும் மென்பொருளுக்கும் நமது நாட்டில் என்ன நடந்தது என்று கடைக்காரர்களுக்குத் தெரியும்.

கோப்பு வாங்குபவருக்கு வேலையும் கூடுகின்றது. பிரிண்டரில் 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவு இருந்தால் அது தானாகவே படத்தைச் சில வீதம் சுருக்கிவிடும். 97 வீதத்தில் அச்சாகினால் 200 மில்லிமீற்றர்ச் சுவர் 194 ஆகின்றது. எல்லாத் தாளும் ஒரே பிரிண்டரில் சுருங்கினால் கட்டடம் எழும்பும், ஆனால் அதற்குள் எஞ்சின் நுழையாது! நூறு வீதத்தில் அச்சிட்டு, அடிமட்டத்தால் அளந்து பார்த்த பின்தான் கத்தியைத் தொட வேண்டும். மை தெளிக்கும் பிரிண்டரின் மை வெயிலில் மங்கும், ஈரம் பட்டால் கலையும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே மங்கலான வார்னிஷ் ஸ்பிரே அடித்து உலர விடுகின்றார்கள். லேசர் பிரிண்டரில் ஈரப் பயம் இல்லை, ஆனால் மடிப்பில் மை உதிரும்.

வாடிக்கையாளருக்கு வயதாகின்றது

இந்தத் தொழிலைப் பளபளப்பாக மட்டும் காட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. 2020இல் கொரோனாவால் எல்லோரும் வீட்டில் அடைபட்டபோது மாதிரி ரயில் சாமான்களுக்கு நல்ல கிராக்கி வந்தது. அது நிலைக்கவில்லை. 1946இல் லிவர்பூலில் தொடங்கி, இந்தத் துறையின் பெரிய கடைகளில் ஒன்றாக வளர்ந்த ஹட்டன்ஸ், 2024 ஜனவரியில் வியாபாரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பர்மிங்ஹாமில் வருடந்தோறும் நடந்துவந்த வார்லி கழகத்தின் பெரிய கண்காட்சியும் 2023உடன் முடிவுக்கு வந்தது. பீச்சிங் மூடிய நிலையங்களைக் கண்ணால் கண்டவர்களுக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது. லேசரால் வெட்டிய மெல்லிய மரப்பலகைக் கிட்கள் வந்துவிட்டன. வீட்டிலேயே முப்பரிமாணப் பிரிண்டர் வைத்துப் பிளாஸ்டிக்கில் புகைபோக்கி அடிப்பவர்களும் இருக்கின்றார்கள்.

இருந்தாலும் அட்டைக்கு ஒரு பலம் மிச்சமிருக்கின்றது. அனுபவமில்லாத ஒருவர் அதிகம் செலவழிக்காமல் தொடங்கக் கூடியது அதுதான். தாத்தாவும் பேரனும் ஒரே மேசையில் இருந்து செய்யக் கூடியதும் அதுதான். பெரிய முதல் போடாததால் விற்பனை குறைந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். பெரிய கடை விழுந்த பிறகும் சிறிய அச்சுக் கம்பனிகள் நிற்பதற்கு இதுவே காரணம் என்பது எனது அபிப்பிராயம்.

தொடங்க விரும்புகின்றவருக்குப் பழையவர்கள் சொல்வது, முதலில் ரயில்பாதைத் தொழிலாளர் குடிசை அல்லது நிலக்கரி வியாபாரியின் சின்ன ஒபிஸ் ஒன்றைச் செய்யுங்கள் என்பதுதான். நாலு சுவர், ஒரு கூரை. பிழைத்தாலும் நட்டம் ஒரு மாலைப்பொழுது. ரிபிள்ஹெட் பாலத்தை முதல் வேலையாக எடுப்பவர்கள் இரண்டாவது வேலைக்கு வருவதில்லையாம்.

அந்தப் பாலம் 24 வளைவுகள், 440 யார் நீளம், 104 அடி உயரம். நமது தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் போல் நாலு மடங்குக்கும் அதிகமான நீளம். ஓஓ அளவில் கட்டினால் 5 மீற்றரும் 28 சென்றிமீற்றரும் வரும். அதற்கு வீட்டில் சுவரே போதாது. ஆகவே அனேகர் ஐந்தாறு வளைவுகளோடு நிறுத்தி, இரு முனைகளையும் மலைக்குள் செருகி மறைத்துவிடுகின்றார்கள். நிஜப் பாலத்தில் ஒவ்வோர் ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடிப்பானது. ஒரு தூண் விழுந்தாலும் சரிவு அந்த இடத்தோடு நிற்க வேண்டும், முழுப் பாலமும் போய்விடக் கூடாது என்பதற்காக அன்றைய பொறியியலாளர்கள் அப்படி வைத்தார்கள். கிட்டில் வரும் தூண்களோ எல்லாம் ஒரே தடிப்பு. விடயம் தெரிந்தவர்கள் ஐந்து வளைவு மட்டும் கட்டும்போதும் தடித்த தூண் எந்த இடத்தில் வர வேண்டும் என்று போட்டோவில் எண்ணிப் பார்த்து, அந்த ஒன்றை மாத்திரம் தாமே அட்டை வெட்டிச் செய்து செருகுகின்றார்கள்.